சேந்தன் என்று பெயர் வைக்கலாமா? அரிய பெயரைச் சரிபார்க்கும் வழி

போனைத் திறந்து காட்டி, "தாந்தின், இது நல்ல பெயர்தானே, என்ன அர்த்தம்?" என்று கேட்பார்கள். திரையில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். பக்கத்தில் "முருகன், சமஸ்கிருதம், அதிர்ஷ்ட எண் 6" என்று ஒரு வரி. கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் அவசரம். எட்டாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ நடந்துகொண்டிருக்கும்.

நான் காரைக்கால்காரி. கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸைச் சேர்ந்த ரியூனியன் தீவுக்கு வந்தவள். செயின்ட் ஆந்த்ரேயில் கோயிலை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். தாந்தின் என்பது இங்கே அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா எல்லாருக்கும் பொதுவான கூப்பிடு சொல். தமிழ் வகுப்பு எடுக்கிறவள் என்பதால் பெயர் விசாரிக்கும் வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. இந்தத் தீவில் மலபார் என்று சொல்லப்படும் தமிழ் வம்சாவளிக் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு வீட்டுமொழி கிரியோல், படித்த மொழி பிரெஞ்சு. தமிழ் கோயிலிலும் பெயரிலும்தான் தங்கியிருக்கிறது. அதனால் பெயரை அவர்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் லேசாகப் பதில் சொல்வதில்லை.

போன வருஷம் ஒரு தம்பதி கொண்டுவந்த பெயர் சேந்தன். அவர்களோடு உட்கார்ந்து பார்த்த வழியை இங்கே எழுதுகிறேன். உங்கள் கையில் வேறு பெயர் இருந்தாலும் வழி இதேதான்.

முதலில் தமிழில் எழுதுங்கள்

அவர்கள் காட்டிய திரையில் எஸ், இ, என், டி, எச், ஏ, என் என்று 7 எழுத்துகள். இதைச் சேந்தன் என்றும் படிக்கலாம், செந்தன் என்றும் படிக்கலாம், செந்தான் என்றுகூடப் படிக்கலாம். ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடும். ந, ன, ண மூன்றும் ஒன்றாகிவிடும். ல, ள, ழ வந்தால் கேட்கவே வேண்டாம். தமிழ் எழுத்து உறுதியாகாமல் அர்த்தம் தேடினால் வேறு யாருடைய பெயருக்கோ அர்த்தம் கண்டுபிடித்து வந்து நிற்பீர்கள்.

உறுதி செய்வதற்கு நல்ல வழி, அந்தப் பெயரை எங்கே கேட்டீர்கள் என்று யோசிப்பது. பையனின் அப்பா பாரிஸில் வேலை பார்த்த காலத்தில், லா ஷாப்பெல் பக்கம் பழக்கமான ஓர் ஈழத்து நண்பரின் மகனுக்கு அந்தப் பெயர். "கூப்பிடுங்கள், அவரையே சொல்லச் சொல்லுங்கள்" என்றேன். நண்பர் குரல்செய்தி அனுப்பினார். முதல் எழுத்தை நீட்டித்தான் சொன்னார்: சேந்தன். கூடவே தமிழில் தட்டச்சு செய்தும் அனுப்பிவிட்டார். சரி, எழுத்து முடிந்தது.

அப்படிக் கேட்க ஆள் இல்லாதவர்கள், இணையதளத்தில் உள்ள ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழில் வரக்கூடிய எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அகராதியில் தேடுங்கள். இரண்டு மூன்று தானாகவே உதிர்ந்துவிடும்.

வேரைப் பார்ப்பது

பெயர்ப் பட்டியல் தளங்களை இந்த இடத்தில் மூடிவிடலாம். அவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. எந்தப் பெயரைத் தட்டினாலும் வீரம், ஒளி, வெற்றி, கடவுள் என்று நான்கு அர்த்தங்களில் ஏதாவது ஒன்று வரும். அதற்குப் பதிலாக, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். அது முழுவதும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறது. தமிழ் எழுத்திலேயே தேடலாம். நிகண்டுகளும் பழைய இலக்கியமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும், 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டத்திலும் கிடைக்கும்.

சேந்தன் என்றால் முருகன். தளத்தில் போட்டிருந்தது இந்த அளவுக்குச் சரிதான். சமஸ்கிருதம் என்று போட்டிருந்ததுதான் தப்பு. பழந்தமிழில் சே என்றால் சிவத்தல். 'சேந்த கண்' என்றால் சிவந்த கண். சேந்தன், சிவந்தவன். முருகனின் மற்றப் பெயர்களைப் பக்கத்தில் வையுங்கள்: சேய், செய்யோன், செவ்வேள். எல்லாம் ஒரே சிவப்பிலிருந்து வந்தவை. ஒரு பெயரின் வேரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் இப்படி அதன் உறவுக்காரர்களைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். தனிச்சொல்லை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடலாம். கிணற்றில் தண்ணீர் சேந்துகிறோம், அதுவும் சேந்துதான். சேந்தி என்றால் கள். ஒலி ஒன்றாக இருப்பதால் உறவு ஒன்றாகிவிடாது.

சேந்தி விஷயத்தை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இங்கே எந்தப் பிள்ளைக்கும் ஒரு செல்லப்பெயர் ஒட்டிக்கொள்ளும். 'நோன் கத்தே' என்பார்கள். அது எப்படிச் சுருங்கும் என்று முன்கூட்டியே யோசித்துவையுங்கள். சேந்தா என்றோ சேந்து என்றோ கூப்பிட்டால் நல்லது. சேந்தி என்று சுருக்க விடாதீர்கள், ஊரிலிருந்து வரும் பாட்டி முகம் சுளிப்பாள்.

யார் யார் வைத்திருந்தார்கள்

அர்த்தத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்களே அதிகம். எனக்கு அது போதாது. அழகான அர்த்தத்தோடு யாரோ நேற்று ஒட்டவைத்த பெயரும் உண்டு. உயிருள்ள மனிதர்கள் அந்தப் பெயரைச் சுமந்திருக்கிறார்களா, எந்தக் காலத்தில், எந்தப் பக்கத்தில் என்று பார்க்க வேண்டும். சேந்தன் இந்தப் பரிசோதனையில் அசத்திவிட்டது.

சங்கப் பாட்டிலிருந்தே தொடங்குகிறது. நற்றிணையில் 190-ஆம் பாட்டிலும் குறுந்தொகையில் 258-ஆம் பாட்டிலும் ஆர்க்காட்டுத் தலைவன் அழிசி வருகிறான். அவன் யாரென்று எப்படிச் சொல்கிறது தெரியுமா? 'சேந்தன் தந்தை' அழிசி. நம் ஊரில் மகனுக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து நிற்கும். பிரான்ஸில் அப்பாவின் குடும்பப்பெயர் பின்னால் நிற்கும். இங்கே மகனைச் சொல்லி அப்பனை அடையாளம் காட்டுகிறார்கள். குறுந்தொகைப் பாட்டில் காவிரித் துறை வருகிறது. பலர் நீராடும் அந்தத் துறையில் ஒரு மருதமரம், அதில் கட்டிப்போட்ட ஏந்திய கொம்புள்ள யானை. அந்த யானைக்காரன் சேந்தன், அவனுடைய அப்பன் அழிசி. இதைப் பிரெஞ்சில் சொல்லிக் காட்டியபோது, வரப்போகும் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அப்படியென்றால் என்னையும் சேந்தன் தந்தை என்று சொல்வார்களா?" என்று கேட்டார். சொல்லலாமே என்றேன். அந்த இடத்திலேயே பெயர் முக்கால்வாசி முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

அப்புறம் 7-ஆம் நூற்றாண்டில் ஒரு பாண்டியன். களப்பிரரை விலக்கிய கடுங்கோனின் பேரன், செழியன் சேந்தன். வேள்விக்குடிச் செப்பேடு பாண்டியர் வரிசையைச் சொல்லும்போது இவனையும் சொல்கிறது.

அடுத்தவன் அரசனில்லை, ஆனால் எனக்குப் பிடித்தவன். அம்பர் ஊரின் தலைவன் சேந்தன். இவன் ஆதரித்ததால்தான் திவாகரர் தன் நிகண்டைச் செய்தார். அதனால் அந்த நூலுக்கே சேந்தன் திவாகரம் என்று பெயர். 12 தொகுதிகள். ஒவ்வொன்றின் முடிவிலும் சேந்தனைப் புகழ்ந்து ஒரு பாட்டு. சொற்களைத் தொகுத்து வைக்கக் காசு கொடுத்த ஒருவன் பெயர் சொல்லகராதியின் தலையிலேயே நிற்கிறது.

நான்காவது சேந்தனார். ஒன்பதாம் திருமுறையில் இருக்கிற திருப்பல்லாண்டு, 13 பாட்டும் இவருடையது. மார்கழித் திருவாதிரைக்குக் களி செய்கிற வீடுகளில் இவர் கதை தெரியாமல் இருக்காது: விறகு வெட்டிப் பிழைத்தவர், மழையில் விறகு விற்காத நாளில் களி கிண்டி அடியாருக்குப் படைத்தார், தில்லையில் நகராமல் நின்ற தேர் இவர் பல்லாண்டு பாடியதும் நகர்ந்தது. இது வழிவழியாகச் சொல்லும் கதை. ஒன்பதாம் திருமுறையில் சேந்தனார் பெயரில் திருவிடைக்கழி முருகன்மேல் ஒரு பதிகமும் இருக்கிறது. முருகன் பெயர் வைத்த புலவர் முருகனையே பாடியிருக்கிறார்.

இந்த இடத்தில் எனக்கு ஊர்ப்பாசம் தலைதூக்கிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். திருவிடைக்கழி, திருக்கடையூருக்குப் பக்கம். அம்பர், பூந்தோட்டத்துக்குப் பக்கம். இரண்டும் காரைக்காலிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம். இங்கே 1848 டிசம்பர் 20-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் கணிசமானவர்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள். அந்தப் பெண்ணின் கொள்ளுத்தாத்தா வழியும் காரைக்கால் என்று வீட்டில் சொல்வார்களாம். பெயர் ஒரே மண்ணிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் அவள் மாமியாரும் சம்மதித்துவிட்டார். அதுவரை அவருக்கு 'ஏதோ இந்தியாவிலிருந்து புதிதாக வந்த பெயர்' என்ற எண்ணம்.

கல்வெட்டுவரை போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தோரு மட்சுயியும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் அடைவாகத் தொகுத்து 1978-இல் மதுரையில் வெளியிட்டார்கள். 3 தொகுதிகள். ஒரு பெயர் சோழநாட்டில் எந்தப் பக்கம், எந்த அரசன் காலத்தில் புழங்கியது என்று அதில் பிடிக்கலாம். அதில் பார்க்கும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள்: அந்தக் காலத்துப் பெயரில் அப்பா பெயர் முன்னால் வரும், ஆள் பெயர் பின்னால் வரும்.

கல்கியின் பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குச் சேந்தன் என்றதும் சேந்தன் அமுதன்தான் நினைவுக்கு வருவான். பூக்காரப் பையன், பாட்டுப் பாடுகிறவன். இந்தக் காலத்தில் இந்தப் பெயரைத் தமிழ்நாட்டில் பலரும் முதலில் கேட்பது அந்தக் கதை வழியாகத்தான். பெயர் புதிது என்று யாராவது சொன்னால், கல்கிக்கு முன்னால் அழிசி இருக்கிறான் என்று சொல்லுங்கள்.

எத்தனை பேருக்கு இருக்கிறது

பிரான்ஸில் இதற்கு ஒரு வசதி உண்டு. இன்சே என்ற அரசுப் புள்ளிவிவர நிறுவனம் 1900 முதல் பிறந்த குழந்தைகளின் முதற்பெயர்களை ஆண்டுவாரியாக, மாவட்டவாரியாக வெளியிடுகிறது. ரியூனியன் 974-ஆம் மாவட்டம். பெயரைத் தட்டினால் எந்த ஆண்டில் எத்தனை பேர் என்று வரைபடமே வரும். ஆனால் மிகக் குறைவாக வைக்கப்படும் பெயர்களைத் தனியாகக் காட்டமாட்டார்கள். 'அரிய பெயர்கள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் மொத்தமாகச் சேர்த்துவிடுவார்கள். ஆகவே தேடி ஒன்றும் வரவில்லையென்றால் ஒருவருக்கும் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றியும் தேடுங்கள். நமக்கு ஒரே சேந்தன், அவர்கள் பட்டியலில் எச் போட்டவன் ஒருவன், டி மட்டும் போட்டவன் இன்னொருவன்.

எண்ணிக்கையைப் படிக்கும்போது இந்தத் தீவின் கதையையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியில் 11-ஆம் ஆண்டு ஜெர்மினால் 11, அதாவது 1803 ஏப்ரல் 1-இல் வந்த சட்டப்படி, பிள்ளைக்கு நாட்காட்டியில் உள்ள புனிதர் பெயரோ பழைய வரலாற்றில் வரும் பெயரோதான் வைக்கலாம். நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தாலும், பெற்றோர் விரும்பிய பெயரை வைக்கும் உரிமை முழுசாகச் சட்டமானது 1993 ஜனவரி 8-இல். அதனால் நம் தாத்தாக்கள் காகிதத்தில் ஜோசப், ஆந்த்ரே, வீட்டிலும் கோயிலிலும் கோவிந்தன், வீரப்பன். பழைய ஆண்டுகளில் தமிழ்ப்பெயர் பட்டியலில் இல்லை என்பதற்கு யாரும் வைக்கவில்லை என்பது அர்த்தமில்லை. எழுத விடவில்லை என்பதுதான்.

அந்தக் காலத்து ஆண்பெயர்களை எங்கே தேடுவது? குடும்பப்பெயர்களில் தேடுங்கள். ஒப்பந்தக் கூலியாக வந்தவருக்கு இருந்தது ஒரே பெயர். பதிவேட்டில் எண்ணோடு அதை எழுதிவைத்தார்கள், பிள்ளைகளுக்கு அதுவே குடும்பப்பெயராகிவிட்டது. முத்துசாமி முத்துஸ்ஸாமியாக நிற்கிறார், கருப்பன் பிரெஞ்சு வாயில் 'கருப்பேன்' ஆகி நிற்கிறார். மீனாட்சி, லட்சுமி என்று பெண்பெயர்கள் குடும்பப்பெயராக நிற்பதும் உண்டு, அம்மா பெயரில் பதிவான பிள்ளைகள் வழி வந்தவை. குடும்பப்பெயர்களுக்கும் இன்சே தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, 1891 முதல் 2000 வரை பிறந்தவர்களுக்கு. நீங்கள் நினைத்திருக்கும் பெயர் பக்கத்துத் தெருக்காரர் குடும்பப்பெயராக இருந்தால் அதையும் தெரிந்துகொள்வது நல்லது. பள்ளிக்கூடத்தில் குழப்பம் வரும்.

வெளியே எப்படி என்று பார்க்க இங்கிலாந்து-வேல்ஸ் பட்டியல் உதவும். அங்கே 1996 முதல், ஓர் ஆண்டில் குறைந்தது 3 குழந்தைகளுக்கு வைத்த பெயர்களையெல்லாம் அரசு வெளியிடுகிறது. ஈழத்தமிழர் நிறைய இருக்கும் நாடு என்பதால் தமிழ்ப்பெயர்களின் போக்கு அதில் தெரியும்.

அரிதாக இருப்பதே ஒரு தகுதி என்று நான் நினைக்கவில்லை. யாருமே வைக்காத பெயர்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, எங்கும் இல்லாத ஒலிகளை ஒட்டிக்கொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சேந்தன் போல நடுவில் மறந்துபோன பெயர் வேறு. அதற்குப் பின்னால் ஆள் நிற்கிறது.

வாயில் எப்படி வருகிறது

இதைத்தான் எல்லாரும் கடைசிக்குத் தள்ளுவார்கள். பையனை வாழ்நாள் முழுக்கக் கூப்பிடப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. கிரெஷ் ஆயா, பள்ளிக்கூட டீச்சர், டாக்டர் வீட்டு ரிசப்ஷன், அப்புறம் ஒருநாள் மேலதிகாரி.

செய்ய வேண்டியது சுலபம். நினைத்திருக்கும் எழுத்துக்கூட்டலை ஒரு சீட்டில் எழுதி, பெயரைக் கேட்டே இராத ஒருவரிடம் நீட்டி வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. இந்தத் தம்பதி ஒரு பூலான்ஜெரியில், அதாவது ரொட்டிக்கடையில், கேக்குக்கு அந்தப் பெயரில் ஆர்டர் கொடுத்தார்கள். பாரிஸ் நண்பர் எழுதுவதுபோல டி-எச் போட்டு எழுதியிருந்தார்கள். கவுன்டரிலிருந்த பெண் சீட்டைப் பார்த்து மூக்கால் 'சான்தான்' என்று கூப்பிட்டாள். பிரெஞ்சில் இ-யும் என்-னும் சேர்ந்து மெய்யெழுத்துக்கு முன்னால் வந்தால் மூக்கொலி. கடைசியில் ஏ, என் வந்தாலும் மூக்கொலி. டி-எச் அவர்களுக்கு வெறும் வல்லின த. மூன்றும் சேர்ந்தால் பிரெஞ்சில் 'வாசனை பிடித்துக்கொண்டு' என்று அர்த்தம் வருகிற ஒரு சொல்லின் ஒலி. எட்டு வயதுப் பையன்களுக்கு இது போதும், கேலிக்கு வேறு வேண்டியதில்லை.

இதற்குப் புதுச்சேரி நமக்கு வழி காட்டியிருக்கிறது. பிரெஞ்சுக்காரன் சரியாகப் படிக்க வேண்டும் என்று அங்கே தலைமுறை தலைமுறையாக எழுதிப் பழகிய முறை ஒன்று உண்டு. கடைசி ன்-ஐ மூக்கு விழுங்காமலிருக்க ஓர் இ சேர்ப்பார்கள். முருகன், குமரன், கணேசன் எல்லாம் இ-யில்தான் முடியும். உ ஒலிக்கு ஓ-யு. இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ச-வுக்கு இரட்டை எஸ், ஒற்றை எஸ் போட்டால் இஸட் ஆகிவிடும். ழ-வுக்கு ஜே. எழிலனும் ஏழுமலையும் ஜே போட்டுத்தான் பாஸ்போர்ட்டில் இருக்கிறார்கள். நண்பர்கள் சிரிப்பார்கள், ஆனால் பிரெஞ்சு ஜே ஒலி ழ-வுக்கு எல்-ஐவிடப் பக்கம் என்பது என் கட்சி.

சேந்தனுக்கு இப்படி வந்தோம்: எஸ், இ, என், டி (டெல்லிக்குப் போடும் டி, பழைய டி-எச்சில் வந்த டி இல்லை), ஏ, என், இ. ந்த-வில் ஒலிப்பது மெல்லிய த என்பதால் டி-தான் சரி. கடைசி இ-யால் 'தன்' காப்பாற்றப்பட்டது. ஆனால் முதல் பாதி இன்னும் மூக்கில் போனது, 'சான்தன்'. முதல் இ-யின் மேல் வலப்புறம் சாய்ந்த கோடு, அக்சான் தெகு, போட்டதும் பக்கத்து வீட்டு அம்மாள் தயங்காமல் 'சேந்தன்' என்று படித்தாள். நெடில் கொஞ்சம் குறைந்தது. அந்த அளவு விட்டுக்கொடுக்கலாம்.

எண்கணிதக்காரர் சொன்னார் என்று எழுத்துகளைக் கூட்டாதீர்கள். இரண்டு என், இரண்டு ஏ என்று போட்டால் பிரெஞ்சு வாயில் அது வேறு பெயராகிவிடும்.

நட்சத்திர எழுத்து

குருக்கள் நட்சத்திரம் பார்த்து எழுத்து சொல்வார். சே என்பது அசுவினியின் எழுத்துகளில் வரும் (சு, சே, சோ, ல). பூரட்டாதிக்கும் ஸே உண்டு. தமிழில் இரண்டையும் ச-வில் எழுதுவதால் இரண்டு நட்சத்திரத்துக்கும் சேந்தன் பொருந்தும் என்று சொல்லும் குருக்கள் உண்டு, ஒப்புக்கொள்ளாதவரும் உண்டு. எழுத்து பொருந்தவில்லையென்றால் காதில் சொல்லும் பெயரை அந்த எழுத்தில் வைத்துவிட்டு, கூப்பிடும் பெயரை உங்கள் இஷ்டப்படி வையுங்கள்.

நேரத்தில் மட்டும் கவனம். இந்தியப் பஞ்சாங்கம் இந்திய நேரத்தில் அச்சாகிறது. ரியூனியன் அதற்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். பஞ்சாங்கத்தில் அசுவினி காலை 6 மணிக்கு முடிகிறது என்றால் இங்கே விடியற்காலை 4.30-க்கே முடிந்தது. இங்கே 5 மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு நட்சத்திரம் பரணி.

காகிதத்தில்

பிறந்த நாளை விட்டுவிட்டு 5 நாளுக்குள் மெய்ரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பிறப்பைப் பதிவு செய்தாக வேண்டும். பெயர் தேடும் வேலையை அந்த 5 நாளுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. மேலே சொன்னதையெல்லாம் ஏழாவது மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

பதிவில் தமிழ் எழுத்து ஏறாது. பிரெஞ்சு நெடுங்கணக்கும் அந்த மொழியில் புழங்கும் மேல்குறிகளும் மட்டும்தான், 2014 ஜூலை 23 தேதியிட்ட சுற்றறிக்கை எவையெவை என்று பட்டியலே கொடுக்கிறது. அக்சான் தெகு அதில் உண்டு, பயமில்லை. பெயர் பிள்ளையின் நலனுக்குக் கெடுதல் என்று பதிவு அலுவலருக்குத் தோன்றினால் அவர் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்கலாம், விஷயம் குடும்ப நீதிபதிவரை போகலாம். தமிழ்ப்பெயருக்கு இது சாதாரணமாக வராது, ஆனால் வேறு அர்த்தம் தொனிக்கும் எழுத்துக்கூட்டலோடு போய் நிற்பானேன்?

முதற்பெயர் ஒன்றுக்கு மேல் போடலாம். இங்கே பலர் முதலில் பிரெஞ்சுப்பெயர், இரண்டாவதாகத் தமிழ்ப்பெயர் போடுகிறார்கள். சட்டப்படி வரிசை எதுவானாலும், பதிவில் உள்ள எந்த முதற்பெயரையும் அன்றாடம் கூப்பிடும் பெயராக வைத்துக்கொள்ளலாம். ஆனால் நடைமுறையில் ஆஸ்பத்திரியும் வங்கியும் முதலாவதைத்தான் கூப்பிடும். சேந்தன் என்று கூப்பிடத்தான் வைக்கிறீர்கள் என்றால் அதை முதலில் போடுங்கள், மாமியாருக்குப் பிடித்த புனிதர் இரண்டாவதாக வரட்டும். பின்னால் மாற்ற வேண்டி வந்தால், 2016 நவம்பரில் வந்த சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றம் போக வேண்டாம், மெய்ரியிலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் நியாயமான காரணம் காட்ட வேண்டும்.

பதிவுச் சான்று கையில் வந்ததும் மேல்கோடு விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பெயரைப் பெரிய எழுத்தில் அடிக்கும் அலுவலகங்களில் கோட்டை விட்டுவிடுவது சகஜம். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரியில் கோடு எப்படியும் இருக்காது, அது தப்பில்லை. சென்னைக்கு டிக்கெட் போடும்போதும் கோடில்லாமல் போடுங்கள்.